கியர் பாக்ஸ் வளையல்

ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுண்டர் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முதுகில் பொத்தென்று ஓர் அடி விழுந்தது.

தெரிந்தவர் யாரோ விளையாடுகிறார் என்று திரும்பினேன். மரகதம். என் மனைவி. காலில் செருப்பு இல்லை. தலை கலைந்திருந்தது. வலது கையால் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"உசுரோட இருக்கீகளா?" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? "இருக்கேன்" என்றேன்.

அவ்வளவுதான். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். வரிசையில் நின்ற எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தாலே கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த ஹால் நிறைய ஆள்.

இது நடந்து இரண்டு மூன்று மழைக்காலம் ஆகியிருக்கும். அவள் ஏன் அப்படி ஓடி வந்தாள் என்று சொல்ல வேண்டுமானால், லாரி கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு பித்தளை வளையத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

பக்கத்துத் தெரு கடலுக்கு அந்தப் பக்கம்

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் தீவில், ஜங்லிகாட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை. லாரி கியர் பாக்ஸ் சாமான் மட்டும் விற்கிறேன். என்ஜின் சாமான் கிடையாது, பிரேக் சாமான் கிடையாது. கிளட்ச் பிளேட்டில் ஆரம்பித்து கியர் பாக்ஸோடு என் உலகம் முடிந்துவிடும்.

அப்பா சாலை வேலைக்காக ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். நான் இங்கேயே பிறந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு ஒரு மலையாளி முதலாளியின் கடையில் நின்றேன். அவர் ஊரோடு போனபோது அந்தக் கடையை நான் எடுத்துக்கொண்டேன். அதையெல்லாம் முந்தைய வாரங்களில் சொல்லிவிட்டேன்.

மெயின்லேண்டில் இந்தத் தொழில் சுலபம். ஒரு பேரிங் கடையில் இல்லையென்றால் பக்கத்துத் தெருவுக்கு ஆள் அனுப்பி வாங்கிக் கொடுத்துவிடலாம். எங்களுக்குப் பக்கத்துத் தெரு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

கப்பல் எப்போது வரும் என்று துறைமுகத்தில் கேட்டால் "ஆயேகா" என்பார்கள். வரும். அதில் பொய் இல்லை. என்றைக்கு வரும் என்பதைக் கடல்தான் சொல்ல வேண்டும். அதுவரை லாரி நிற்கும். லாரி நின்றால் மணல் நிற்கும், சிமெண்ட் நிற்கும், யாரோ ஒருவருடைய வீடு பாதிச் சுவரோடு நிற்கும்.

அதனால் எந்த லாரியில் எது உடையும் என்று, அது உடைவதற்கு முன்பே யோசித்து வாங்கி வைக்க வேண்டும். மெக்கானிக்குக்கு உடைந்த பிறகுதான் வேலை. எனக்கு அதற்கு முன்னாலேயே வேலை.

கடைக்கு எதிரே ஓர் ஏற்றம் இருக்கிறது. லாரிகள் அங்கே கியர் மாற்றும். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டாவது கியர் விழும்போது ஒரு வண்டி 'கர்ர்' என்று பல்லைக் கடித்தால், அதற்குச் சீக்கிரம் ரிங் தேவைப்படும் என்று அர்த்தம். அடுத்த ஆர்டரில் ஒன்று சேர்த்துக்கொள்வேன்.

எங்கள் தீவில் எல்லாமே ஏற்றம், இறக்கம், வளைவு. லாரி இரண்டாவதில் ஏறி இரண்டாவதில் இறங்கும். பழைய கியர் பாக்ஸைப் பிரித்தால் இரண்டாவது தேய்ந்து மொட்டையாகியிருக்கும். ஐந்தாவது கியரோ, கல்யாண வீட்டுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாமா மாதிரி, ஒரு வேலையும் செய்யாமல் பளபளவென்று இருக்கும்.

சென்னையிலிருந்து சாமான் அனுப்பும் கடைக்காரர் ஃபோனில் கேட்பார். "ஏன் சார், உங்க ஊர் வண்டிக்கெல்லாம் ரெண்டாவது கியர் மட்டும்தான் இருக்கா?"

"ஆமா" என்று சொல்லி வைத்துவிடுவேன். விளக்கிச் சொல்வதைவிட அது சுலபம்.

உப்புக்காற்று

சாமானை வாங்கி வைத்துவிட்டால் மட்டும் போதாது. உப்புக்காற்றிடமிருந்து காப்பாற்ற வேண்டும். அட்டைப்பெட்டியை ஒரு தடவை திறந்துவிட்டால், மழைக்காலத்தில் பேரிங் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்துவிடும்.

கியர்களைப் பழைய என்ஜின் ஆயிலில் முக்கி எடுத்து, காகிதத்தில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் சுற்றி அடுக்குவேன். காகிதத்துக்காகக் கப்பலில் வருகிறவர்கள் படித்துவிட்டுப் போடும் தமிழ் வாரப் பத்திரிகைகளைச் சேர்த்து வைப்பேன். சுற்றுவதற்கு முன் ஒரு பக்கமாவது படித்துவிடுவேன். பள்ளிக்கூடம் விட்டுப்போன பிறகு நான் தமிழ் படித்தது அப்படித்தான். பல தொடர்கதைகளின் முடிவு எனக்கு இன்னும் தெரியாது. அது யாருடைய லாரியிலோ போய்விட்டது.

பித்தளைச் சாமான் மட்டும் துருப்பிடிக்காது. கொஞ்சம் பச்சை படியும், துடைத்தால் போய்விடும். அதனால் பித்தளை ரிங்குகளைச் சுற்றி வைப்பதில்லை. மேஜைக்கு மேலே, உட்காருகிறவர் தலைக்கு நேராக ஒரு கொக்கி இருக்கிறது. அதில் கோத்துத் தொங்கவிட்டிருப்பேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தச் சாமானிலும் கடைசி ஒன்றை இருப்பு வைத்துக்கொள்வதற்காகக் கேட்டால் கொடுக்க மாட்டேன். நின்றுபோன வண்டிக்குத்தான் கொடுப்பேன். தேய்ந்த பழசைக் கொண்டுவந்து மேஜையில் வைக்க வேண்டும். பக்கத்தில் புதுசை வைத்து, பல்லுக்குப் பல் பார்த்து எடுத்துத் தருவேன். டிரைவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் வசதி. பழசும் புதுசும் மேஜையில் இருந்தால் பேச வேண்டியதே இல்லை.

இட்லியும் சூடியும்

எங்கள் ஊரில் கியர் பாக்ஸ் பல பாஷைக்காரர்களின் கை பட்டது. வங்காளி ஓட்டுவார், தெலுங்குக்காரர் பிரிப்பார், தமிழன் சாமான் கொடுப்பான், மூன்று பேரும் இந்தியில் பேசிக்கொள்வார்கள். அதில் சாமான்களின் பெயர் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரிவர்ஸ் கியருக்குப் பக்கத்தில் ஐட்லர் என்று ஒரு கியர் உண்டு. அதைத் தமிழ் மெக்கானிக்குகள் இட்லி ஆக்கிவிட்டார்கள். "அண்ணா, ஒரு ரிவர்ஸ் இட்லி" என்று ஒரு பஞ்சாபி டிரைவரே வந்து கேட்டிருக்கிறார்.

அதே மாதிரிதான் சிங்ரோ ரிங்கும். கியர் சத்தமில்லாமல் விழுவதற்கு உதவும் பித்தளை வளையம் அது. உள்ளங்கையைவிடப் பெரியது, ஓரத்தில் சின்னச் சின்னப் பல். பார்த்தால் யானைக்குச் செய்த வளையல் மாதிரி இருக்கும். இந்தியில் வளையலுக்குச் சூடி என்று பெயர். அதனால் ஜங்லிகாட் பட்டறைகளில் சிங்ரோ ரிங் என்று ஒருவரும் சொல்வதில்லை. சூடிதான்.

கொக்கியிலிருந்து எடுத்துத் தரச் சொல்வதற்கு "சூடி உதாரோ" என்பார்கள். இந்தியில் 'உதாரோ' என்றால் இறக்கு என்று அர்த்தம். கழற்று என்றாலும் அதே சொல்தான்.

இத்தனை வருஷம் அதைக் கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

வெறுங்கை

நாற்பதைத் தாண்டிய பிறகுதான் எனக்குக் கல்யாணம். சௌல்தாரியில் இருக்கும் என் அக்கா, விடாமல் நச்சரித்து, மெயின்லேண்டில் சொந்தக்காரர்களுக்கு ஃபோன் போட்டு நடத்தி வைத்தது.

மரகதத்துக்கு அருப்புக்கோட்டை. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு நூல் மில்லில் வேலை செய்தவள். அம்மா போன பிறகு தனியாக இருந்தாள். மில்லில் பெண்கள் வளையல் போடக்கூடாது, மிஷினில் மாட்டிக்கொள்ளும். வேலை பார்த்த காலம் முழுக்க அவளுக்கு வெறுங்கை.

கல்யாணத்தில் கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். கப்பலில் வரும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் அதுவரை மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். இப்போது அடுப்படியில் ஒரு சத்தம், கிணற்றடியில் ஒரு சத்தம். அவள் எங்கே இருக்கிறாள் என்று வளையலை வைத்தே தெரிந்துகொள்வேன். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் எழுந்து போய் ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை. "சாப்பாடு ஆச்சா", "கடைக்குப் போறேன்", "மழை வருது". என்னிடம் இருந்தது இவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு வங்காளி அக்கா அவளுக்குக் கொஞ்சம் இந்தி சொல்லிக் கொடுத்தார். பானி தண்ணீர், சாவல் அரிசி, நமக் உப்பு. கையைத் தொட்டுக் காட்டி, சூடி. பஸ்ஸில் கண்டக்டர் கத்துவதைக் கேட்டு 'உதரோ' என்றால் இறங்கு என்று தானே தெரிந்துகொண்டாள்.

கல்யாணத்துக்கு முன்பே அக்காவிடம் சொல்லியிருந்தாள், "ரெண்டு மாசம் இருந்து பாக்குறேன். ஒத்து வரலைன்னா என்னைய அனுப்பி வச்சிரணும்" என்று. அக்கா அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டது. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ரெண்டு மாசம் போல ஆனது. ஒரு காலையில் இட்லித் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இங்க யாரு பேசுறதும் எனக்குப் புரியல" என்றாள். "நீங்க பேசினா புரியும். நீங்கதான் பேச மாட்டேங்கிறீக."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மில்லுல அம்புட்டுச் சத்தத்துலயும் நாலு பேரு கத்திக் கத்திப் பேசுவோம். இங்க சத்தமே இல்ல, பேச்சும் இல்ல. அடுத்த கப்பலுக்கு டிக்கெட் எடுத்துருங்க."

போகாதே என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"சரி" என்றேன்.

அன்றைக்குக் கடையில்

டிக்கெட் கொடுக்கும் நாள் வந்தது. காலையிலேயே போனால்தான் வரிசையில் இடம் கிடைக்கும். கடையைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்றிருந்தேன்.

"வீட்டுல உக்காந்து நான் என்ன பண்ணப் போறேன்? கடையில இருக்கேன்" என்றாள் மரகதம்.

யாராவது வந்தால் "அண்ணா ஆதா ஹை" என்று சொன்னால் போதும், அண்ணா வருகிறார் என்று அர்த்தம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். இனி நான் சொல்லப்போவதை நான் பார்க்கவில்லை. அவளும், கடைக்கு வந்த டிரைவர் பிரதீப்பும் பிறகு சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

பிரதீப் சௌல்தாரிப் பக்கத்து டிரைவர். ராஞ்சியிலிருந்து வந்த குடும்பம். வாழைத்தாரும் கீரையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வரும்போது, இரண்டாவது கியர் விழாமல் வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் பட்டறைக்கு இழுத்து, கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பார்த்து, "சூடி போச்சு, ஓடு" என்று அவனை என் கடைக்கு விரட்டியிருக்கிறார். கீரை வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. ஓடி வந்தான்.

வழியில் எனக்கு ஃபோன் போட்டிருக்கிறான். டிக்கெட் ஹாலுக்குள் எனக்கு டவர் கிடைக்காது.

வேர்க்க விறுவிறுக்கக் கடைக்குள் நுழைந்தவன், அவளிடம் சொன்னது இதுதான்: "பாபி, அண்ணா கா ஃபோன் நஹி லக்தா ஹை. புராணா வாலா கதம் ஹோ கயா. ஜல்தி சூடி உதாரோ, பாபி!"

அண்ணியாரே, அண்ணன் ஃபோன் கிடைக்கவில்லை, பழசு தேய்ந்து முடிந்துவிட்டது, சீக்கிரம் ரிங்கை இறக்குங்கள். அவ்வளவுதான் விஷயம்.

மரகதத்தின் காதில் அதில் பாதி விழவில்லை. விழுந்தவை இவை: அண்ணா. நஹி. கதம். சூடி உதாரோ.

கதம் என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? சூடி என்றால் வளையல் என்று வங்காளி அக்கா சொல்லிக் கொடுத்திருந்தார். பஸ்ஸில் கேட்ட உதரோ இறங்கு என்றால், உதாரோ இறக்கு, கழற்று.

புருஷன் வெளியே போயிருக்கிறான். ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்து, அண்ணன் முடிந்துவிட்டார், வளையலைக் கழற்று என்கிறான்.

"க்யா? க்யா?" என்று கேட்டிருக்கிறாள். அதுவும் வங்காளி அக்கா சொல்லிக் கொடுத்ததுதான்.

புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்த பிரதீப், அவள் தலைக்கு மேலே கொக்கியில் தொங்கிய ரிங்கைக் கையால் காட்டினான். மேலே.

அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. மேலே என்றால் மேலேதான்.

எனக்கு ஃபோன் போட்டுப் பார்த்தாள். ஒரு பெண் குரல் இந்தியில் ஏதோ சொன்னது. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றுதான் சொல்லியிருக்கும். அவளுக்கு அந்தக் குரலும் அதையே சொல்வது போலிருந்தது.

மேஜையைத் தள்ளிவிட்டு ஓடினாள். தெருவில் ஓர் ஆட்டோவை மறித்தாள். எதிர் வெல்டிங் கடை சேகர் கழற்றிய வெல்டிங் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி வந்து, "என்னக்கா, என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கு, "அவுக போயிட்டாகளாம்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

"நெஞ்சுக்குள்ள ஒண்ணுமே ஓடல" என்று பின்னொரு நாள் சொன்னாள். "யாரும் வந்து வளையலத் தொட்டுறக் கூடாது. அது மட்டுந்தான் ஓடுச்சு."

அதனால் வழியெல்லாம் அந்தக் கையை இந்தக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். பிடித்த பிடியில் வளையல்கள் நொறுங்கி உள்ளங்கையில் ஏறியது அவளுக்குத் தெரியவே இல்லை.

வரிசை

ஹாலில் ஓரமாக ஒரு பெஞ்சில் அவளை உட்கார வைத்தேன். யாரோ ஓர் அம்மா தண்ணீர் பாட்டில் கொடுத்தார். குடித்துவிட்டுத் திக்கித் திக்கி நடந்ததைச் சொன்னாள்.

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.

"சூடின்னா சிங்ரோ ரிங்கு" என்றேன்.

"என்னது?"

"மேல கொக்கியில தொங்குதே, பித்தளை. கியர் பாக்ஸ் வளையல். அதை இறக்கித் தரச் சொல்லியிருப்பான்."

என்னையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அப்படியே உதடு கோணி, சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என் தோளில் மறுபடியும் ஓர் அடி வைத்தாள்.

"கியர் பாக்ஸுக்கு வளையலா? என்ன ஊருய்யா இது!"

கொஞ்சம் அடங்கியதும் என் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தாள். அவளுடைய ஆதார் நகலும் இருந்தது.

"எடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. வரிசை பெருசு."

"நான் போறேன்னு சொன்னா உடனே வந்து வரிசையில நின்னுருவீகளா? ஏன் போற, போகாதன்னு ஒரு வார்த்தை வாயில வராதா?"

"கேக்கணும்னுதான் இருந்தேன்."

"பெறகு?"

"கேட்டு, நீ போறேன்னே சொல்லிட்டா..."

வரிசை நகர்ந்தது. வரிசையில் என் இடத்துக்குப் பின்னால் நின்றவர் பெஞ்சுப் பக்கம் திரும்பி, "அண்ணா, ஆகே படோ" என்று மெதுவாகச் சொன்னார். முன்னால் போகச் சொன்னார். எல்லோரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

நான் நகரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "போக வேணாம் மரகதம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போகத்தான் வேணும்" என்றாள்.

நான் அவளுடைய ஆதார் நகலை மேலே எடுத்து வைத்தேன்.

"அருப்புக்கோட்டை வீட்டை நான் இன்னும் காலி பண்ணல. சாவி என் பெட்டியிலதான் கெடக்கு. உங்ககிட்ட சொல்லல. தையல் மிஷினு, அம்மா படம், பாத்திரம் எல்லாம் உள்ளயே கெடக்கு. போயி எடுத்துட்டு, சாவியக் குடுத்துட்டு வரணும்." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "தையல் மிஷின ஒத்தையில தூக்க முடியுமா? ரெண்டு டிக்கெட்டா எடுங்க."

கவுண்டருக்குப் போனோம். உள்ளே இருந்தவர் தீவுக்காரர்களுக்குக் கொடுக்கும் என் ஐலேண்டர் கார்டைப் பார்த்தார். அவளுடைய ஆதாரைப் பார்த்தார். ரத்தம் தோய்ந்த கையைப் பார்த்தார்.

"யே ஆப்கா கோன் லக்தா ஹை?" என்றார். இவர் உங்களுக்கு என்ன வேண்டும்?

கல்யாணமானதிலிருந்து இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். "வீட்டுல", இந்தியில் "கர் கா" என்று ஏதாவது சொல்லி நழுவிவிடுவேன். அன்றைக்குச் சொன்னேன், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி.

"பீவி."

அரை ஷட்டர்

ஆட்டோவில் திரும்பி ஜங்லிகாட்டில் நுழைந்தால் சேகரின் வெல்டிங் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. டீக்கடையில் பாட்டு நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்து டயர் கடைக்காரர் நெஞ்சில் கைவைத்து நின்றார். யாரோ இறந்தால்தான் எங்கள் தெரு இப்படி இருக்கும். யாரென்று நானே ஒரு கணம் யோசித்தேன்.

ஆட்டோவிலிருந்து என் கால் வெளியே வந்ததும் சேகர் பார்த்துவிட்டான்.

"யோவ்! உனக்காக ஷட்டர இறக்கிட்டு ஒரு இரும்பு கேட்டு வேலைய அப்படியே போட்டுட்டு நிக்கிறேன். நீ பாட்டுக்கு ஆட்டோல வந்து இறங்குற!"

"மன்னிச்சுக்கப்பா" என்றேன். உயிரோடு இருப்பதற்காக நான் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கடைக்குள் என் ஸ்டூலில் பிரதீப் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நான் போய்விட்டேன் என்று சேகர்தான் அவனிடம் சொல்லியிருக்கிறான். கடையைத் திறந்து போட்டுவிட்டுப் போக மனமில்லாமல் காவலுக்கு உட்கார்ந்துவிட்டான். அவன் தலைக்கு மேலேயே ரிங் தொங்கியது. கொக்கியில் அது ஒன்றுதான் மிச்சம். தேய்ந்த பழசை ஒழுங்காக மேஜையில் வைத்திருந்தான். எட்டி ஒரு கை நீட்டினால் போதும். எடுக்கவில்லை.

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எதனால் இவ்வளவும் வந்தது என்று நான் சொன்னதும் அவன் முகம் வெளுத்துப்போனது. மரகதத்தின் காலைத் தொடக் குனிந்தான். அவள் பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"பாபி, மாஃப் கரோ."

"என்ன சொல்றாரு?"

"மன்னிக்கச் சொல்றான்."

"அது கெடக்கட்டும். கீரையெல்லாம் வாடிப்போயிருக்குமே, கேளுங்க."

ரிங்கை எடுத்துக்கொண்டு ஓடினான். சாயங்காலம் வண்டி சரியாகி, எங்கள் ஏற்றத்தில் சத்தமில்லாமல் இரண்டாவது கியர் விழுந்தது. கடை வாசலில் நிறுத்தி, அரைகுறையாக வாடிய கீரைக் கட்டுகளை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு எங்கள் வீட்டில் மட்டுமில்லை, அந்தத் தெருவிலேயே எல்லா வீட்டிலும் கீரைதான்.

லென்ஸ்

வீட்டு வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே அவளை உட்கார வைத்தேன். பழைய கியரில் பொறித்திருக்கும் நம்பரைப் படிக்க ஒரு லென்ஸ் வைத்திருக்கிறேன். அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் ஊசியால் அவள் உள்ளங்கையிலிருந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

அவள் கையை அவ்வளவு வெளிச்சத்தில், அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நூல் ஓடி ஓடி ஆட்காட்டி விரலில் ஒரு தடம் விழுந்திருந்தது. லென்ஸில் அது ஒரு வாய்க்கால் மாதிரி தெரிந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

அடுத்த துண்டை எடுக்கும்போது கேட்டாள். "கவுண்டர்ல அந்த ஆளுகிட்ட என் பேர எதுக்கு மாத்திச் சொன்னீக?"

"மாத்திச் சொல்லலையே."

"பீவின்னு சொன்னீகளே. எங்க மில்லுல ஒரு பீவி இருந்தா. டிக்கெட்டுல அந்தப் பேரு விழுந்திருந்தா என்னைய கப்பல்ல ஏத்துவாகளா?"

நான் ஊசியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"அது பேரு இல்ல" என்றேன். "பொண்டாட்டின்னு அர்த்தம்."

வங்காளி அக்கா வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

"பீவி."

"அது இல்ல. தமிழ்ல."

சொன்னேன்.